அம்மா சுட்டு அனுப்பிய மண்

எங்கள் வீட்டுப் பெண்கள் மண் தின்பார்கள். இதைச் சொன்னால் டவுன் ஆட்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டு மசக்கைக்காரி பலப்பத்தைக் கடித்ததில்லையா, விபூதியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டதில்லையா, விசாரித்தால் தெரியும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒளிவுமறைவு கிடையாது. மகளுக்கு நாள் தள்ளிப்போனது என்று தெரிந்தால் போதும், பெற்றவள் மண் சலிக்கத் துணியைத் தேடுவாள்.

வரதய்யபாளையத்திலிருந்து உள்ளே தள்ளி, தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் பேசுகிற எல்லையோரத்து ஊர் எங்களுடையது. என்னைப் பெற்றவர்கள் கூலிக்காரர்கள். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில்தான் நைனாவுக்கு அரசாங்கம் ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்தது. அதற்கு முன்னால் எங்கள் சனத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா பண்ணைக்காரர் வரப்பில் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்திருக்கிறாள். "களை எடுக்க வுட்டா கழனியவே துன்னுடுவாளுங்க போல" என்று அந்த ஆள் எல்லார் முன்னாலும் சொன்னானாம். அம்மா அதை மறக்கவே இல்லை. நிலம் கைக்கு வந்த அன்று அவள் முதலில் செய்த காரியம், குனிந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதுதான். விதைப்பு, உழவு எல்லாம் அப்புறம்.

மண் சுடுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கழனியில் கண்ட இடத்தில் அள்ள மாட்டாள். மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் எங்கள் நிலத்தின் தாழ்ந்த மூலையில் தேங்கும். அது வடிந்த பிறகு வழவழப்பாக ஒரு படிவு நிற்கும். வெயிலில் காய்ந்து அது சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும்போது முறத்தில் வாரிக்கொண்டு வருவாள். பழைய புடவைத் துணியில் சலித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சின்னச் சின்ன வில்லையாகத் தட்டி, நிழலில் உலர்த்தி, அடுப்புத் தணலில் புதைத்து எடுப்பாள். வீடு முழுக்க மழை வாசனை நிற்கும். வயிற்றில் பிள்ளை இல்லாதவளுக்கே எச்சில் ஊறும்.

நான் பெரிய வகுப்புக்குப் போன சமயத்தில் எங்கள் நிலத்துக்கு மேலே, மேட்டில், பேட்டரி கம்பெனி வந்தது. மெட்ராஸ் பக்கம் கார் கம்பெனி, கண்ணாடி கம்பெனி என்று வரிசையாகத் திறந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் விடியற்காலையில் வேன் ஏறி எல்லை தாண்டி வேலைக்குப் போனார்கள். அங்கே வைத்துக்கொள்ள முடியாத தொழிலெல்லாம் எல்லை தாண்டி இங்கே வந்தது. லாரி லாரியாகப் பழைய பேட்டரி வரும். உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை உலையில் போட்டு உருக்கிக் கட்டி கட்டியாக வார்த்து அனுப்புவார்கள். மிஞ்சின கசடைப் பின்சுவருக்கு வெளியே கொட்டினார்கள். புகை போக்கியிலிருந்து வந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கம்பெனி வந்தால் ஊர் உருப்படும் என்றுதான் பேச்சு.

உலை வேலைக்கு எங்கள் ஊர் ஆட்களைச் சேர்க்கவில்லை. வடக்கிலிருந்து பையன்களைக் கூட்டி வந்து ஷெட்டிலேயே தங்கவைத்தார்கள். கொஞ்ச மாதம் இருப்பார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறுவார்கள், புதுக் கும்பல் வரும். "சாப்பாடு ஒத்துக்கல பசங்களுக்கு" என்று நாங்கள் பரிதாபப்பட்டோம். எங்கள் அறிவு அவ்வளவுதான். மேல் கழனியில் வேர்க்கடலை பொக்காக வந்தது. மேயப் போன ஆடு ஒன்று சுற்றிச் சுற்றி வந்து விழுந்து செத்தது. அதற்கெல்லாம் அம்மா ஒரு சமாதானம் வைத்திருந்தாள். மேல் கழனிக்குக் கண்ணுபட்டுவிட்டது, தாழ்ந்த மூலை மட்டும் தங்கம். "கம்பெனி வந்தப்புறம் நம்ம மண்ணு லேசா இனிக்குதுடி" என்று அவள் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். இனித்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

கல்யாணம் ஆகித் திருப்பதிக்கு வந்தேன். வீட்டுக்காரர் பைக் ஷோரூமில் மெக்கானிக். முதல் பிள்ளை தங்கினபோது அம்மா பஸ் கண்டக்டர் கையில் ஒரு பவுடர் டின் கொடுத்து அனுப்பினாள். மேலே கறிவேப்பிலை, கீழே மண் வில்லை. டின் தீர்ந்தால் அடுத்த டின். அந்தப் பிள்ளை ஏழாம் மாதத்தில் அசைவில்லாமல் போயிற்று. ஆண் பிள்ளை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மாமியார் பாகாலா பக்கத்துச் சாமியாடியிடம் கேட்டு, எலுமிச்சம்பழம் கொண்டு வந்து நிலையில் கட்டினார். நானும் கட்டவிட்டேன். வேறு என்ன செய்யத் தெரிந்தது அப்போது.

இரண்டாவது தங்கினபோது ஊரே பொத்திப் பொத்திப் பார்த்தது. அம்மா வழக்கத்தைவிடச் சன்னமாகச் சலித்து அனுப்பினாள். "மொத வாட்டி சத்து பத்தல உனுக்கு, இந்த வாட்டி நல்லா துன்னு" என்று போனில் சொன்னாள். நன்றாகத்தான் தின்றேன். ஆனால் வயிறு அடிக்கடி முறுக்கிப் பிடித்தது. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கி விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. குடத்தைத் தூக்கினால் மணிக்கட்டு துவண்டது. வீட்டுக்காரர் பயந்துபோய், வயதான ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்.

அந்த அம்மாள் வயிற்றைத் தொடும் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னார். உதட்டை மடித்து ஈறுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு தெலுங்கில், "மன்னு திண்டுன்னாவா?" என்று கேட்டார். மண் தின்கிறாயா என்று முகத்துக்கு நேரே ஒரு டாக்டர் கேட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்? இல்லவே இல்லை என்றேன். அவர் சிரித்தார். "நானும் ரெண்டு பெத்தவதான் தல்லி, ரெண்டுக்கும் பலப்பம் தின்னவதான். எந்த ஊரு மண்ணு, அதச் சொல்லு" என்றார். எனக்கு அந்தச் சிரிப்பில் பயம் போய்விட்டது. அம்மா கை மண், சொந்தக் கழனி மண், சுட்டது, சுத்தமானது என்று பெருமையாகவே சொன்னேன்.

அவர் ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அவர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் காரீயம் இருக்கிறது, இருக்கக்கூடிய அளவைப்போலப் பல மடங்கு இருக்கிறது என்றார். கண்ணாடியைக் கொடுத்து, என் ஈறு ஓரத்தில் ஓடிய மெல்லிய நீலக் கோட்டைக் காட்டி, இதுதான் அதன் அடையாளம் என்றார். ஈயப் பாத்திரத்தில் ரசம் வைப்போமே, அதுவா என்று கேட்டேன். "அது வெள்ளீயம். இது வேற. பேட்டரிக்குள்ள இருக்கும் பாரு, அது" என்றார்.

பேட்டரி என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் கழனிக்கு மேலே இருக்கும் கம்பெனியைச் சொன்னேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "நாங்க கழட்டிப் போடற பேட்டரியெல்லாம் அந்தப் பக்கந்தான் மேடம் போவுது" என்று அவர் டாக்டரிடம் சொன்னார். மண் இனித்தது என்று நான் சொன்னேன். காரீயத்தின் உப்புகள் இனிக்கும் என்று டாக்டர் சொன்னார். வாந்தி வந்தது. அங்கேயே, அவருடைய கழுவு தொட்டியில் எடுத்தேன்.

பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டர் மழுப்பவில்லை, அந்த மட்டும் அவருக்குக் கோடிப் புண்ணியம். தாயின் ரத்தத்தில் ஓடுவது பிள்ளைக்கும் போகும், மூளை உருவாகிற நேரம் இது, இந்த விஷம் முதலில் தேடிப் போகிற இடமும் மூளைதான் என்றார். முதல் பிள்ளை போனதும் இதனால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். இந்தப் பிள்ளை பிழைத்தால்? "பிழைக்கும். கை கால் எல்லாம் சரியா இருக்கும். புத்தி எப்படின்றது அது நடந்து, பேசி, ஸ்கூலுக்குப் போனாதான் தெரியும்" என்றார். அன்றைக்கே மண்ணை விடச் சொன்னார். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகவே கூடாது என்றும் சொன்னார்.

வீட்டுக்காரருடைய வாடிக்கையாளர் ஒருவர் மண் ஆராய்ச்சி தெரிந்தவர். மிச்சமிருந்த வில்லைகளையும், வீட்டுக்காரர் போய் எங்கள் கழனியில் நாலு இடத்தில் அள்ளிவந்த மண்ணையும் அவர் சோதித்துச் சொன்னார். நாலிலும் இருந்தது. தாழ்ந்த மூலையில்தான் அதிகம். கசடை மழை கரைத்துக்கொண்டு வந்து அங்கேதான் இறக்கியிருக்கிறது. எவ்வளவு சன்னமான மண்ணோ அவ்வளவு விஷம் அதில் ஒட்டும். எத்தனை மழை பெய்தாலும் மேல் மண்ணை விட்டு இறங்காது, மக்காது, பேரன் பேத்தி காலத்திலும் அங்கேயே இருக்கும் என்றார். அப்படியானால் அம்மா பார்த்துப் பார்த்துச் சலித்தாளே, அது என்ன செய்தது? கல்லையும் பருமணலையும் தள்ளிவிட்டு விஷத்தை மட்டும் பொறுக்கி எனக்கு அனுப்பியிருக்கிறாள். இதை நினைத்து நான் சிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார்.

போனில் சொல்லக்கூடிய விஷயமா இது? வேண்டாம் என்று அவர் தடுத்தும் கேட்காமல், ஊருக்குப் போய் நிற்காமல் திரும்புகிறேன் என்று சொல்லிப் பஸ் ஏறினேன். அம்மா எனக்காகப் புது டின் நிரப்பி வைத்திருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"இது நம்ம சொந்த மண்ணு" என்றாள்.

"தெரியும்மா."

"அடுத்தவன் வரப்புல திருடுனது இல்ல."

"அத நான் சொல்லல."

"வெசம்னு சொல்றியே, வாய் கூசல உனுக்கு?"

சொல்லிக்கொண்டே டின்னைத் திறந்து ஒரு வில்லையை எடுத்துக் கடித்தாள். நறநறவென்று என் கண்ணெதிரே மென்றாள். "பாரு. வெத்தல பாக்கு மாதிரி தெனம் துன்னுக்கினுதான் கீறேன். செத்தா பூட்டேன்?"

துப்பு என்று கத்தினேன். துப்பவில்லை, விழுங்கினாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் தாடையைப் பிடித்து, டாக்டர் எனக்குச் செய்த மாதிரியே கீழுதட்டை மடித்துப் பார்த்தேன். ஈறு ஓரத்தில், பல் முளைக்கிற இடம் நெடுக, நீலமும் கறுப்புமாக ஒரு கோடு. டாக்டர் கண்ணாடியில் எனக்குக் காட்டிய கோட்டைவிட இது கெட்டி.

"இன்னாடி அப்டி பாக்கற?"

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். வெற்றிலைக் கறை என்றாள். நகத்தால் சுரண்டினாள். புடவைத் தலைப்பால் தேய்த்தாள். அது போகவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "மொத புள்ளைக்கும் நான்தான அனுப்பிவுட்டேன்" என்றாள்.

நைனா இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து டின்னை எடுத்தார். வெளியே போனார், நின்றார், திரும்பி வந்தார். "இத எங்க கொட்றது?" என்று என்னைக் கேட்டார். கழனியில் கொட்டலாமா என்றார். அங்கிருந்துதானே வந்தது என்றேன். அவர் டின்னோடு அப்படியே நின்றார். அம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தலையை முடிந்துகொண்டு, நேரே மேட்டில் ஏறினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கம்பெனியில் மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை. அவர் மேசைமேல் அம்மா டின்னை வைத்து மூடியைத் திறந்தாள். "இதுல ஒண்ணே ஒண்ணு துன்னுட்டு, நல்லா கீதுன்னு சொல்லு சார், நான் பூட்றேன்" என்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. நிஜமான ஆச்சரியத்தோடு எங்களைப் பார்த்தார். "மண்ணை யாராவது திங்கிறாங்களாம்மா? திங்கச் சொன்னது நாங்களா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் தப்பு எங்கள் பக்கம் வந்துவிட்டது. எங்கள் நிலத்தில் நஞ்சை இறக்கினவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், நாங்கள் தலைகுனிந்து நிற்கிறோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. தின்னாதவர்கள் மட்டும் தப்பித்தார்களா? தவழுகிற பிள்ளை கையை வாயில் வைக்காதா, கீரையில் தூசி படியாதா, காற்றடித்தால் மண் பறக்காதா? இதெல்லாம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அம்மா டின்னை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள். ஊரில் சொன்னோம். வேலைக்குப் போகிறவர்கள் நம்பினார்கள், நிலம் விற்க நினைத்தவர்கள் சத்தம் போடாதே என்றார்கள். பிறகு அதிகாரிகள் வந்து மண் அள்ளிக்கொண்டு போனார்கள். கம்பெனி கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது, வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. நைனா அந்த நிலத்தில் இப்போது எதுவும் விதைப்பதில்லை.

நான் மண்ணை விட்டேன். ஆனால் நாக்கு விடவில்லை. விஷம் என்று தெரிந்தும், முதல் பிள்ளையை எடுத்துக்கொண்டது அதுதானோ என்று அழுதுகொண்டே இருந்தும், மழை பெய்தால் எனக்கு எச்சில் ஊறியது. அந்த நாக்கை அறுத்துப் போடலாம் என்றிருந்தது. டாக்டர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். அதை விழுங்காமல் மென்றேன். ஏறக்குறைய அதே மாதிரி நறநறத்தது. மாமியார் வீட்டுப் பேச்சையும் கேட்டுக்கொண்டேன். "பெத்தவ ஊட்டுக்கு அனுப்ப முடியாதாமே, அங்க மண்ணுல வெசமாமே" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். சொன்னது உண்மையாக இருந்ததால் சண்டை போடவும் வழியில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. எடை குறைவு, ஆனால் கூரை பெயர்கிற மாதிரி அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். டாக்டர் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து அனுப்பியிருந்தார். நான் மண்ணை விட்டு மாதங்கள் ஆகிவிட்டதே, ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவு வந்ததும் அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கும் இருக்கிறது என்றார்.

"நான்தான் விட்டுட்டேனே" என்றேன்.

கம்பெனி வந்த நாளிலிருந்து உள்ளே போனதெல்லாம் எலும்பில் தங்கியிருக்கும் என்று விளக்கினார். காரீயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து உடம்பு எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். பிள்ளைக்கு எலும்பு கட்ட வேண்டிய நேரத்தில் தாயின் எலும்பைக் கரைத்து எடுக்கும்போது அதுவும் கூடவே கிளம்பி வருமாம். பால் கொடுக்கும் காலத்திலும் அப்படித்தானாம். நான் பாலே கொடுக்க மாட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். உன் ரத்தத்தில் இருக்கிற அளவுக்குப் பால் கொடுக்கலாம், கொடுக்காமல் விடுவதைவிடக் கொடுப்பதுதான் பிள்ளைக்கு நல்லது, மாத்திரையை நிறுத்தாதே, பிள்ளை ரத்தத்தை அவ்வப்போது பார்க்கலாம் என்றார். தலையை ஆட்டினேன். நடமாடுகிற கழனியாக நானே வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அம்மா வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக வெறும் கையோடு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் கட்டணக் குளியலறையில் தலை முழுகி, வழியில் வாங்கின புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, வந்த புடவையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டிலுக்கு எட்டவே நின்றாள்.

"தூக்கிக்கோம்மா" என்றேன்.

"என் நகக்கண்ணுல இருக்கும்டி."

"அதான் குளிச்சிட்டு வந்துட்டல்ல."

"எத்தினி தபா தேச்சாலும் எனுக்கு இருக்குற மாதிரியேதான் கீது. நீயே வச்சிக்கோ. நான் கண்ணால பாத்தா போதும்."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பேத்தியைப் பார்த்தாள். அவள் விரல்களெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. பிள்ளை பசிக்கு முனக ஆரம்பித்தது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"நீ மண்ண வுட்டுட்ட. பொறப்பும் இங்கியே ஆயிப்போச்சு" என்றாள் அம்மா. "இனிமே இதுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அம்மா கையெடுத்து ஏழுமலையான் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளை குடிக்க ஆரம்பித்தது.